எடைக்குறைப்பு சப்ளிமென்ட் விளம்பரங்களை எப்படிப் படிப்பது: பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை, ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் என் அத்தை மகள் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இதை வாங்கலாமா?" என்று கேட்டாள். முப்பது நாளில் பத்து கிலோ குறையும், சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று அதில் இருந்தது. அவளுக்கு இது முதல் தடவை இல்லை. ஏற்கெனவே வேறொரு கேப்ஸ்யூலை மூன்று மாதம் விழுங்கியிருக்கிறாள். எடை இறங்கவில்லை என்று விற்றவர்களிடம் கேட்டபோது, "நீங்கள் சரியாகத் தண்ணீர் குடித்திருக்க மாட்டீர்கள், இன்னும் இரண்டு டப்பா எடுத்துப் பாருங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அவள் அதையும் நம்பினாள். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, தனக்குத்தான் மன உறுதி போதவில்லை என்று மாதக்கணக்கில் உள்ளுக்குள் குமைந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பொய் சொன்னவர் நகர்ந்துவிட, நம்பியவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று இருவரும் உட்கார்ந்து அந்த விளம்பரத்தை வரி வரியாகப் பிரித்தோம். அதே வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். மாத்திரை, பவுடர், தேநீர், ஒட்டும் பட்டை, சொட்டு மருந்து என எந்த வடிவில் வந்தாலும் இந்த முறை பொருந்தும்.

முதல் படி: விளம்பரம் சொல்வதைத் தாளில் எழுதுங்கள்

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்த விளம்பரங்கள் அடிக்கடி மாறும், காணாமலும் போகும். பிறகு புகார் கொடுக்க வேண்டி வந்தால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

அப்புறம் இசை, படம், வண்ணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அது தரும் வாக்குறுதிகளை மட்டும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதுங்கள். இதைச் செய்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். "எடை குறையும்" என்று சொல்கிறதா, "எடை குறைய உதவும்" என்று சொல்கிறதா? "கொழுப்பைக் கரைக்கும்" என்கிறதா, "கொழுப்பு எரியும் இயல்பைத் தூண்டும்" என்கிறதா? இரண்டாவது வகை வாக்கியங்களில் எத்தனை கிலோ, எத்தனை நாள் என்ற பேச்சே இருக்காது. பின்னால் யாராவது கேள்வி கேட்டால் தப்பிக்க வழி வைத்து எழுதப்பட்டவை அவை. பக்கத்தில் இருக்கும் ஒல்லியான இடுப்பின் படம் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் படி: கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். பத்து கிலோ என்றால் 77,000 கலோரி. அதை முப்பது நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 2,570 கலோரி. இவ்வளவு கலோரி தினமும் பற்றாக்குறை ஆனால்தான் ஒரு மாதத்தில் பத்து கிலோ கொழுப்பு கரையும். பெரும்பாலான பெரியவர்களின் உடல் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே 2,000 முதல் 2,500 கலோரி வரைதான். அதாவது, முப்பது நாளும் பச்சைத் தண்ணீரோடு பட்டினி கிடந்தாலும் அவர்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது. வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே எட்டும் என்கிறது விளம்பரம். அத்தை மகள் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"ஆனால் என் தோழிக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்ததே" என்று நீங்கள் கேட்கலாம். குறைந்திருக்கும், பொய் இல்லை. நம் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேர்ந்து இருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரைந்து, கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. பழையபடி சாப்பிட்டால் அப்படியே திரும்பி வரும். 'டீடாக்ஸ்' என்று விற்கப்படும் தேநீர்கள் பலவற்றில் சென்னா என்ற நிலாவரை இலை இருக்கும். அது பேதி மருந்து. குடலில் உள்ளதும் தண்ணீரும் வெளியே போகும், எடை காட்டும் கருவியில் முள் இறங்கும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நீண்ட நாள் குடித்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

ஓர் அளவுகோலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று மருத்துவர்கள் எடைக்காகப் பரிந்துரைக்கும் வலுவான மருந்துகளில் ஒன்று செமாக்லுடைடு. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் ஒரு ஊசி, கூடவே உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை. 68 வாரங்களுக்குப் பிறகு மருந்து எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதவீதம். தொண்ணூறு கிலோ உள்ளவருக்கு இது பதின்மூன்று கிலோ சொச்சம், அதுவும் ஏறக்குறைய பதினாறு மாதத்தில். மருத்துவர் மேற்பார்வையில் போடும் ஊசிக்கே இவ்வளவு காலம் ஆகிறது என்றால், பொட்டலத்தில் வரும் ஒரு பொடி அதையே ஒரு மாதத்தில் செய்துவிடும் என்பதை எப்படி ஏற்பது?

அந்த ஆய்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களுக்கும் எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஏதாவது ஒன்றைத் தொடங்கும் போது நாம் சாப்பாட்டிலும் நடையிலும் தானாகவே கவனம் வைக்கிறோம். அந்த உழைப்பின் பலனைத்தான் பல சப்ளிமென்ட்கள் தன் பெயரில் எழுதிக்கொள்கின்றன.

மூன்றாம் படி: கேட்டவுடனே நிராகரிக்க வேண்டிய ஏழு வாக்குறுதிகள்

அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு கூட்டாட்சி வர்த்தக ஆணையம். எஃப்.டி.சி. என்பார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எந்த எடைக்குறைப்பு விளம்பரத்தை வாங்கவே கூடாது என்று 2014-இல் அது ஒரு கையேடு வெளியிட்டது. அதில் ஏழு வாக்குறுதிகள் இருக்கின்றன. இவை சப்ளிமென்ட்டாலோ ஒட்டும் பட்டையாலோ கிரீமாலோ நடக்க வாய்ப்பே இல்லாதவை, ஆராய்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலை.

உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இல்லாமல் ஒரு மாதமோ அதற்கு மேலோ வாரத்துக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, இறங்கும் என்பது முதலாவது. எதை எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைய இறங்கும் என்பது அடுத்தது. நிறுத்திய பிறகும் எடை ஏறவே ஏறாது, கொழுப்பையோ கலோரியையோ உடல் உறிஞ்சாமல் தடுத்து நிறையக் குறைக்கும், நான்கு வாரத்துக்கு மேல் வாரம் மூன்று பவுண்டுக்கு அதிகமாகப் பாதுகாப்பாகக் குறைக்கும், பயன்படுத்தும் எல்லோருக்கும் பலன் தரும், உடம்பில் அணிந்தாலோ தோலில் தேய்த்தாலோ குறையும் என்பவை மற்றவை.

'கொழுப்பைத் தடுக்கும்' என்பதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அது கேட்க அறிவியல் போலவே இருக்கும். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது, ஆர்லிஸ்டாட் என்று பெயர். அது தடுப்பது உணவில் உள்ள கொழுப்பில் சுமார் 30 சதவீதம். தடுத்த கொழுப்பு மாயமாகாது, எண்ணெய் கலந்த மலமாக வெளியேறும். இவ்வளவுக்கும் பிறகு, ஓராண்டு ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட மூன்று கிலோ அளவுக்குத்தான் கூடுதலாகக் குறைந்தது. எந்தச் சங்கடமும் இல்லாமல் கொழுப்பு முழுவதையும் தடுக்கிறேன் என்று ஒரு பொடி சொன்னால் இந்த மூன்று கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2014-இல், சாப்பாட்டின் மேல் தூவிக்கொண்டாலே எடை குறையும் என்று விற்கப்பட்ட சென்சா என்ற பொடியின் நிறுவனம், எஃப்.டி.சி. தொடுத்த வழக்கில் 2.65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, எவ்வளவு வேகமாக, எத்தனை கிலோ குறையும் என்று உணவுப் பொருள்களின் விளம்பரத்தில் சொல்வதையே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்துவிட்டது. கிலோக் கணக்கு சொல்லும் விளம்பரத்தை அங்கே எடுத்துக்கொண்டு போனால் அந்த ஒரு வரிக்கே அது தவறு.

நான்காம் படி: "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால், எந்த ஆய்வு என்று கேளுங்கள்

நான் அதிக நேரம் செலவழித்த படி இது. படித்தவர்களும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு என்று ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதன் அடிப்படை 2012-இல் வெளியான ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரை. இந்தியாவில் நடத்தப்பட்ட அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 16 பேர். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சி மருத்துவரின் நிகழ்ச்சியில் அது காட்டப்பட்டதும் விற்பனை பறந்தது. பிறகு எஃப்.டி.சி. தோண்டிப் பார்த்தது. ஆய்வு செய்தவர் பங்கேற்பாளர்களின் எடையையும் மற்ற அளவுகளையும் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறார், ஆய்வு நடந்த கால அளவையும் மாற்றியிருக்கிறார், யார் எப்போது சாறு எடுத்தார்கள், எப்போது வெறும் மாத்திரை எடுத்தார்கள் என்பதிலும் குழப்பம் என்று குற்றம்சாட்டியது. உணவுக் கட்டுப்பாடு இல்லாமலே குறைந்தது என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் பங்கேற்றவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைக்கவும் உடற்பயிற்சியைக் கூட்டவும் சொல்லப்பட்டிருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 2014-இல் 35 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு அந்தக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. இதற்குள் எத்தனை பேர் வாங்கி விழுங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, ஆய்வு என்று சொன்னால் சில கேள்விகள் கேட்க வேண்டும். அது மனிதர்கள் மேல் நடந்ததா, எலிகள் மேலா, சோதனைக் குழாயிலா? எத்தனை பேர், எத்தனை வாரம்? ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரை எடுத்த குழு இருந்ததா? யார் எதை எடுக்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் வைக்கப்பட்டதா? செலவு யாருடையது? இவற்றைவிட முக்கியமான இன்னொரு கேள்வி: ஆய்வு செய்யப்பட்டது இந்தப் பொருளா, இதில் இருக்கும் ஏதோ ஒரு சரக்கா? ஆய்வில் ஒரு நாளைக்கு மூன்று கிராம் கொடுத்திருப்பார்கள், உங்கள் கேப்ஸ்யூலில் அது நூறு மில்லிகிராம் இருக்கும். பெயர் ஒன்றுதான், பலன் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

ஒழுங்காக நடந்த ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு கார்சினியா கம்போஜியாவை எடுத்துக்கொள்ளலாம். கொடம்புளி என்று நாம் சொல்வதுதான். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில் 135 பேர் 12 வாரம் பங்கேற்றார்கள். சாறு எடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த முடிவு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அதே சாறு புதிய டப்பாக்களில் 'அதிசயப் பழம்' என்று வருகிறது.

"மூன்று மடங்கு அதிக எடைக்குறைப்பு" என்ற வரியைப் பார்த்தால், எதைவிட மூன்று மடங்கு என்று கேளுங்கள். ஒரு குழுவுக்கு முன்னூறு கிராம், இன்னொன்றுக்குத் தொள்ளாயிரம் கிராம் என்றாலும் மூன்று மடங்குதான். அந்த வித்தியாசத்தை ஒரு சொம்புத் தண்ணீர் ஈடுகட்டிவிடும்.

ஐந்தாம் படி: சொற்களைத் தட்டிப் பாருங்கள்

'பத்து கிலோ வரை' என்பதில் உள்ள 'வரை' பூஜ்ஜியத்தையும் உள்ளடக்கியது. 'மருத்துவ ரீதியில் சோதிக்கப்பட்டது' என்றால் சோதித்தார்கள் என்று மட்டுமே பொருள், தேறியது என்று பொருள் இல்லை. 'எஃப்.டி.ஏ. அங்கீகாரம்' என்று ஒரு சப்ளிமென்ட் டப்பாவில் போட்டிருந்தால் அது பொய். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., சப்ளிமென்ட்களுக்கு விற்பனைக்கு முன் ஒப்புதல் தருவதில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருள் பாதுகாப்பானது என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலில் தயாரிப்பாளருடையது. 'எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்த தொழிற்சாலை' என்பதும் ஒரு முகவரிப் பதிவுதான். 'ஜி.எம்.பி.' முத்திரை தயாரிப்பு முறையைப் பற்றியது, எடை குறையும் என்பதற்குச் சான்று ஆகாது.

நேர்மையான வாக்கியம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் மற்றவற்றைத் தரம் பிரிப்பது சுலபம். குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வாசகத்தை அனுமதித்திருக்கிறது. கலோரியைக் குறைத்த உணவுமுறையோடு சேர்த்து எடுத்தால் அது எடைக்குறைப்புக்குத் துணை செய்கிறது என்பதுதான் சாரம். ஒரு நாளைக்கு மூன்று கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன், ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் போதாவிட்டால் தொண்டையில் அடைக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்க வேண்டும். எவ்வளவு அடக்கமான வாசகம் பாருங்கள். அளவு, நிபந்தனை, ஆபத்து மூன்றும் இருக்கின்றன.

ஆறாம் படி: படமும் பாராட்டும்

'முன்', 'பின்' படங்களை நான் ஆதாரமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வயிற்றைத் தள்ளி நிற்பதும், மூச்சை இழுத்து நிமிர்ந்து நிற்பதும், விளக்கை மேலிருந்து அடிப்பதும் ஒரே மதியத்தில் இரண்டு உடம்புகளைக் காட்டிவிடும். எடிட்டிங் வேறு இருக்கிறது. அந்தப் படத்தைத் தேடுபொறியில் போட்டுத் தேடிப் பாருங்கள். ஒரே ஆள் வேறு வேறு பெயரில் வேறு வேறு பொருளைப் புகழ்ந்துகொண்டிருப்பது சில சமயம் தெரியவரும்.

நட்சத்திரங்களும் அப்படியே. 2019-இல் எஃப்.டி.சி. ஒரு கார்சினியா விற்பனையாளர் மேல் வழக்குப் போட்டது. காசு கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனங்களை அமேசானில் எழுத வைத்தார் என்பது குற்றச்சாட்டு. இன்னொருவரின் கடைப்பக்கத்தில் போலி விமர்சனம் வாங்கியதற்காக அந்த ஆணையம் போட்ட முதல் வழக்கே எடைக்குறைப்பு மாத்திரைக்காகத்தான். இப்போது பிரபல மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பேச வைக்கிறார்கள். ஒரு மருத்துவர் எதையாவது பரிந்துரைப்பது போல வீடியோ வந்தால், அவருடைய சொந்தப் பக்கத்திலோ மருத்துவமனைப் பக்கத்திலோ அது இருக்கிறதா என்று தனியாகப் போய்ப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம்.

ஏழாம் படி: லேபிளில் இல்லாததுதான் ஆபத்து

இதுவரை சொன்னது ஏமாற்றம். இனிமேல் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

ஒரு சப்ளிமென்ட் உண்மையிலேயே சட்டென்று பசியை அடக்கி எடையைக் குறைத்தால் மகிழ வேண்டாம், பயப்படுங்கள். எஃப்.டி.ஏ. 2007 முதல் 2016 வரை எச்சரித்த, மருந்துச் சரக்கு ரகசியமாகக் கலந்த சப்ளிமென்ட்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 776 பொருள்கள். அதில் ஏறக்குறைய 41 சதவீதம் எடைக்குறைப்புக்கு விற்கப்பட்டவை. அந்த எடைக்குறைப்புப் பொருள்களில் சுமார் 85 சதவீதத்தில் இருந்தது சிபுட்ரமின். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று 2010-இல் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. லேபிளில் அதன் பெயர் இருக்காது. மூலிகைப் பெயர்கள்தான் இருக்கும்.

மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற நம்பிக்கையை நான் மென்மையாக மறுக்க விரும்பவில்லை, உறுதியாகவே மறுக்கிறேன். எஃபெட்ரா ஒரு செடிதான். அது கலந்த சப்ளிமென்ட்களை இதய ஆபத்து காரணமாக அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடைக்குறைப்புச் சிகிச்சைக்குப் போன பெண்களுக்குக் கொடுத்த கேப்ஸ்யூலில், ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்கு முழுவதுமாகச் செயலிழந்தது. நாம் குடிக்கும் பச்சைத் தேயிலைகூட, சாறாகச் செறிவூட்டி மாத்திரையாக வந்தால் வேறு கதை. அதில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற வேதிப்பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது.

எனவே லேபிளில் ஒவ்வொரு சரக்கும் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'தனிச்சிறப்புக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். எஃப்.டி.ஏ. இணையதளத்தில் கலப்படப் பொருள்களின் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தேடலாம். பட்டியலில் இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட வேண்டாம், சோதிக்கப்பட்டவைதான் அங்கே வரும். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு, இரத்தம் உறையாமல் இருக்க என்று எதற்காவது மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் மருத்துவரிடம் டப்பாவைக் காட்டாமல் வாயில் போடவே கூடாது.

எட்டாம் படி: பணம் கட்டும் பக்கம்

'இலவசம், அனுப்பும் செலவு மட்டும் கொடுங்கள்' என்றால் அட்டை எண்ணுக்காகக் கேட்கிறார்கள். சிறிய எழுத்தில், சில நாளுக்குள் ரத்து செய்யாவிட்டால் மாதாமாதம் பணம் எடுக்கப்படும் என்று இருக்கும். பக்கத்தின் அடிவரை படியுங்கள். 'இன்னும் ஒன்பது நிமிடம்தான்' என்று ஓடும் கடிகாரத்தைச் சோதிக்கப் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள், பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து ஓடும். திருப்பித் தரும் உத்தரவாதம் இருந்தால், பிரித்த டப்பாவுக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: ஏற்கெனவே வாங்கிவிட்டால்

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத களைப்பு, இதயம் படபடவென்று அடிப்பது, நெஞ்சு வலி, மயக்கம். இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் மிச்சம் இருக்கும் கேப்ஸ்யூலையும் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், என்ன சாப்பிட்டோம் என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும்.

பணம் தொடர்ந்து போனால் முதலில் வங்கியில் சொல்லி அந்த வழியை அடைத்துவிடுங்கள். பிறகு உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அமைப்புக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் புகார் அனுப்புங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்த்த தேதி, இணைய முகவரி, ரசீது, டப்பாவில் உள்ள பேட்ச் எண் ஆகியவற்றை இணையுங்கள். விளம்பரம் வந்த செயலியிலும் புகார் செய்யும் பொத்தான் இருக்கும், அதையும் அழுத்துங்கள்.

வீட்டில் யாராவது இதை எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து "இதையெல்லாமா நம்பினாய்?" என்று தொடங்காதீர்கள். அவர்கள் காதில் எடையைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் சொல் விழுந்திருக்கும். டப்பாவை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் படிக் கணக்கை அவர்கள் கையாலேயே போட வையுங்கள். என் அத்தை மகள் கணக்குப் போட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ, போன தடவை குறையாதது என் தப்பு இல்லையா, அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.